ருவான்வெல்லை மலையில் குசுகுசுத்துப் பார்த்த மூன்று நாட்கள்

ஏழு வருடங்களாக இந்த வலைப்பதிவில் எழுதுகிறேன். எந்த ஊருக்கு எந்த பஸ், எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும், எங்கே அட்டை கடிக்கும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். எனக்கு இடது காது கேட்காது என்பதை மட்டும் ஒருமுறைகூட எழுதியதில்லை. கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் போய்வந்த பயணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அதைச் சொல்லாமல் முடியாது.

அழைத்தவள் பஸ்லியா. மாவனெல்லைக்காரி, தாதி. கொழும்பில் ஒரே விடுதி அறையில் நான்கு வருடம் இருந்தோம். இப்போது அவள் லீவு நாட்களில் கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களுக்குப் போய், தாய்மாரை ஒன்றுகூட்டி, பிள்ளைகளின் உடல்நலம் பற்றிப் பேசுகிறாள். ஜூலையில் ஒருநாள் போன் எடுத்தாள்.

“பல்லப் பத்திச் சொன்னா கேக்குறாங்க. பூச்சி மருந்து பத்திச் சொன்னா கேக்குறாங்க. காதுக்கு எண்ணெ ஊத்தாதீங்கன்னு சொன்னா மட்டும் சிரிச்சிட்டுப் போறாங்க. உங்க கத ஒண்ணு ஈக்குதே கௌரி, அத நீங்களே வந்து சொல்லுங்க.”

இரண்டு வாரம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றேன்.

சனிக்கிழமை காலை 6.10க்குப் புறக்கோட்டையில் அவிசாவளை பஸ் எடுத்தேன். கட்டணம் 260 ரூபாய். நான் எப்போதும் இடது பக்க ஜன்னலோரம்தான் உட்காருவேன். காற்று கேட்காத காதில் அடித்துக்கொண்டு போகும், மனிதர்களின் பேச்சு நல்ல காதுக்கு வரும். அவிசாவளையில் 8.05. அங்கிருந்து ருவான்வெல்லைக்கு இன்னொரு பஸ், 90 ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். வழியில் களனி கங்கை ஒரு பக்கம் வருவதும் மறைவதுமாக இருக்கும். அதன் மேல் காலைப் பனிப்புகார் இன்னும் எழும்பாமல் படுத்திருந்தது. பாலத்தைக் கடக்கும்போது பஸ் தண்ணீரின் மேல் போகிறதா புகாரின் மேல் போகிறதா என்று தெரியவில்லை.

ருவான்வெல்லை சிறிய கடைத்தெரு. பேக்கரி, பார்மசி, கத்தி வாளி விற்கும் கடைகள். சாப்பிடுவதானால் இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், மேலே கடை கிடையாது. தோட்டத்துக்கு ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு ஆயிரம் ரூபாய். ஆட்டோக்காரர் தோட்டத்தில் பிறந்தவர்.

“டிவிஷன் வரைக்கும் ஏறாதுங்க அக்கா. போக்குப் பாலத்துக்கிட்ட நிறுத்திருவேன். அங்க இருந்து ஒரு கிலோமீட்டர் நடக்கணும், பரவாயில்லீங்களா?”

பரவாயில்லை என்றேன். தோட்டத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குழந்தைக்காக அப்படி.

அந்த ஒரு கிலோமீட்டரை நான் மறக்கப் போவதில்லை. வரிசை வரிசையாக இறப்பர் மரங்கள், ஒவ்வொன்றிலும் சாய்வாக ஒரு வெட்டு, அதன் முனையில் தேங்காய்ச் சிரட்டை. வெயில் இலைகளுக்குள் புகுந்து பச்சைத் தண்ணீர் போல் கீழே நின்றது. ஆகஸ்ட் வெயிலில் இறப்பர் காய் வெடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. திடீரென்று ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. ஒரு காதால் மட்டும் கேட்பவர்களுக்கு ஒலிக்குத் திசை கிடையாது. சத்தம் கேட்கும், ஆனால் எங்கிருந்து என்று தெரியாது. அதனால் எனக்கு அந்தக் காடு முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்தது போலவும், வெடிப்பது எனக்குள்ளேதான் போலவும் இருந்தது. நின்று நின்று நடந்ததில் இருபது நிமிட வழிக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

கூட்டம் புள்ளக்காம்பராவில். தாய்மார் இறப்பர் பால் வெட்டப் போகும்போது சிறு பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்துக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். அதை நடத்துபவர் செல்வமணி. ஐம்பது வயதிருக்கும். பஸ்லியாவும் நானும் அவர் வீட்டில்தான் தங்கினோம். பகல் பால் நிறுத்துக் கொடுத்து, குளித்து, சமைத்து, தாய்மார் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார்கள். சுமார் இருபது பேர். விடுமுறை என்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கூடவே வந்திருந்தார்கள்.

பஸ்லியா படங்களை மாட்டி, காதுக்குள் என்ன இருக்கிறது என்று விளக்கினாள். பிள்ளையைப் படுக்கப் போட்டு பால் போத்தல் கொடுக்க வேண்டாம், சீழ் வடிந்தால் உடனே காட்டுங்கள், எண்ணெயோ வேறெதுவோ உள்ளே விட வேண்டாம். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்தவர்கள். இரண்டு பேர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாம்பிராணி வாசனையும், ஈரத் தலைமுடியும், பாயில் படுத்திருந்த குழந்தைகளின் மூச்சும் சேர்ந்து எனக்கே கண் செருகியது.

பிறகு நான் எழுந்தேன். எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவில்லை. எனக்கு ஐந்து வயதில் காது வலி வந்தது, அம்மா எண்ணெயைச் சூடாக்கி விட்டார், வலி நின்றது, பிறகு சீழ் வந்தது, திரும்பவும் எண்ணெய் விட்டார், இப்படியே நான்கு வருடம் போனது என்று சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது உள்ளே எலும்பு அரித்திருந்தது. ஒன்பது வயதில் இடது காது போய்விட்டது. அவ்வளவுதான் கதை. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டார். “அப்ப இந்தப் பக்கமா வந்து பேசினா இப்பவும் கேக்காதுங்களா?”

“கேக்காது. வந்து பேசிப் பாருங்க.”

அவர் வந்து என் இடது தோளருகே நின்று ஏதோ சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், தூங்கியவர்கள் உட்பட. என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செல்வமணியிடம் கேட்டால், “அது எதுக்குங்க உங்களுக்கு” என்று மழுப்புகிறார்.

பஸ்லியா அந்தச் சிரிப்பை விடவில்லை. படங்களைச் சுருட்டிவிட்டு, “சரி, இப்ப எல்லாரும் அவங்கவங்க புள்ளைக்குப் பின்னால போய் நில்லுங்க” என்றாள். முறை மிக எளிது. பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நிற்க வேண்டும். பிள்ளை ஒரு காதை விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். மறு காதுக்குக் குசுகுசுவென்று ஒரு பழத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். பிள்ளை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்க்க விடக்கூடாது. அறை முழுவதும் குசுகுசுப்பு. ரம்புட்டான், அன்னாசி, பப்பாளி. இருபது தாய்மார் ஒரே நேரத்தில் இரகசியம் சொல்லும் ஒலி, தூரத்தில் மழை வருவது போல் இருந்தது.

ஜன்னலருகே புஷ்பராணி நின்றார். முப்பது வயதுக்குள் இருக்கும். அவர் மகள் சஞ்சனாவுக்கு ஆறு வயது, கீழே கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு. தோட்டத்திலிருந்து தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரம் என்பதால் பல பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். சஞ்சனா வகுப்பில் வாய் திறப்பதில்லை, அடுத்த வருடமும் முதலாம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்களாம். பிள்ளைக்குச் சிங்களம் பிடிபடவில்லை என்று பள்ளிக்கூடமும் நினைத்தது, வீடும் நினைத்தது, பஸ்லியாவும் அப்படியே நினைத்திருந்தாள்.

சஞ்சனா ஒவ்வொரு முறையும் திரும்பி அம்மாவின் வாயைப் பார்த்தாள். பஸ்லியா போய் அவள் தோளை மெல்லப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். புஷ்பராணி, “மாம்பழம்” என்றார். குழந்தை வெளியே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. “மாம்பழம்” என்று சாதாரணக் குரலில் சொன்னார். பிறகு, “சஞ்சனா.” பிறகு இன்னும் சத்தமாக, “சஞ்சனா.” குழந்தை ஜன்னல் கம்பியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த குசுகுசுப்பு ஒவ்வொன்றாக நின்றது.

தமிழில்தான் கூப்பிட்டார். அதுவும் தாய் கூப்பிட்டார்.

புஷ்பராணி யாரையும் பார்க்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் பின்னால் போகப் பார்த்தேன். செல்வமணி வேண்டாம் என்று தலையசைத்தார். இருபது பேர் முன்னிலையில் ஒரு தாயை இப்படி நிறுத்திவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலை 5.40க்கு நான் மலைக்கு ஏறினேன். அந்த வாரம் மழையில் இரண்டு நாள் போய்விட்டதால் ஞாயிறும் பால் வெட்டு இருந்தது. பயணிகளுக்குச் சொல்கிறேன், இறப்பர் மலையைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த நேரம்தான். வெளிச்சம் வானத்திலிருந்து வராமல் வெட்டிய மரங்களிலிருந்து வருவது போல் இருக்கும். வெட்டில் பால் ஊறி, கோடு முழுவதும் வெள்ளையாகி, சிரட்டைக்குள் சொட்டும். கத்தி பட்டையை இழைக்கும் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. கால்களுக்குச் சவர்க்காரம் தடவிக்கொண்டு போங்கள், அட்டை ஏறாது.

புஷ்பராணியின் வரிசை எது என்று செல்வமணி சொல்லியிருந்தார். என்னைப் பார்த்ததும் புஷ்பராணி வெட்டுவதை நிறுத்தவில்லை. அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். நானும் நகர்ந்தேன். நான்கைந்து மரம் இப்படியே போனது.

“நேத்து எந்திரிச்சுப் போயிட்டேன். கோவிச்சுக்காதீங்க அக்கா.”

“நாங்கதான் மன்னிப்புக் கேக்கணும்.”

அவர் கத்தியைத் துணியில் துடைத்தார். “கூப்பிட்டா திரும்பாம போவா. நான் இவளுக்குத் திமிருன்னு நெனச்சேன். எத்தன தடவ அடிச்சிருக்கேன் தெரியுங்களா? அடிச்சா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பா. அழக்கூட மாட்டா. என்னத்துக்கு அடிச்சேன்னே அவளுக்குத் தெரிஞ்சிருக்காது.”

அவர் இன்னொரு மரத்தை வெட்டினார். பால் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்டார். “உங்க அம்மாவ நீங்க வெறுத்தீங்களா?”

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதும் இல்லை. அம்மாவைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் சொன்ன அன்றிலிருந்து சாகும்வரை அம்மா என் வலது பக்கமாகவே நடந்தார். ரோட்டில், கோயிலில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் சுற்றி வந்து வலது பக்கம் சேர்ந்துகொள்வார். அதற்காக என்னிடம் ஒருநாளும் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. “வெறுப்பு இல்ல” என்றேன். “ஆனா ஒரு வருஷம் முன்னாடி கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னு நெனச்சிருக்கேன்.”

“இவளுக்கு நேரம் இருக்குங்களா?”

“எனக்குத் தெரியாது புஷ்பராணி. கொண்டுபோய்க் காட்டினாத்தான் தெரியும்.”

அவர் தலையாட்டினார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு புகாருக்குள் போனார். வெள்ளைப் புகாரில் அவர் இடுப்பில் கட்டியிருந்த சிவப்புத் துணி மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

ஞாயிறு மாலை கொழும்பு திரும்புவதாக இருந்தேன். நான்கு மணிக்குப் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது புஷ்பராணி வாசலில் வந்து நின்றார். “நாளைக்கு வேலைக்கு வரலைன்னு சொல்லிட்டேன். மிஸ்ஸி கடுதாசி குடுப்பாங்களா?” மிஸ்ஸி என்பது பஸ்லியா. பஸ்லியா அப்போதே உட்கார்ந்து கடிதம் எழுதினாள். அவளுக்குத் திங்கள் வேலை. ஆகவே நான் ஒருநாள் கூடுதலாகத் தங்கினேன். ஆஸ்பத்திரியில் சிங்களம் பேச வேண்டியிருக்கும், நான் போனால் உதவியாக இருக்கும் என்பது என் நினைப்பு.

திங்கள் காலை 5.15க்கு ருவான்வெல்லையிலிருந்து கேகாலை பஸ். முப்பது கிலோமீட்டரை வளைந்து வளைந்து ஒன்றேகால் மணி நேரத்தில் போகும், பெரியவர்களுக்குத் தலா 150 ரூபாய். சஞ்சனா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் கண்ணாடியில் மூச்சு விட்டு, அதில் வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் மலை வரும்வரை காத்திருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பஸ் இரைச்சல், கண்டக்டரின் குரல், ரேடியோப் பாட்டு எதுவும் தொடாத ஓரிடத்தில் அவள் இருந்தாள். அழகான இடம்தான். எனக்குப் பாதி தெரிந்த இடம். ஆனால் அங்கே அவள் தனியாக இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டரை மணி நேர வரிசை. டாக்டர் இளம் பெண், சிங்களவர். நான் பேச வாய் திறப்பதற்குள் புஷ்பராணி பேசினார். என்னுடைய சிங்களத்தைவிட அவருடையது பல மடங்கு நன்றாக இருந்தது. எப்போது முதல் சீழ், எத்தனை முறை, எந்தக் காது என்று ஒழுங்காகச் சொன்னார். கடைசியாக, “மம தெல் தெம்மா” என்றார். நான்தான் எண்ணெய் விட்டேன். அந்தச் சொற்களை அவர் தரையைப் பார்த்துச் சொல்லவில்லை, டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

காதுக்குள் பார்த்தார்கள், பிறகு அறைக்குள் உட்காரவைத்து ஒலி கேட்கும்போது கை தூக்கச் சொல்லிச் சோதித்தார்கள். கை நெடுநேரம் மடியிலேயே கிடந்தது. பிறகு ஒருமுறை உயர்ந்தது. இன்னொருமுறை. முடிவில் டாக்டர் சொன்னது இதுதான். ஒரு காதில் செவிப்பறைக்குப் பின்னால் பசை போல் நீர் தேங்கியிருக்கிறது, சின்ன சத்திர சிகிச்சையில் எடுக்கலாம். மற்றதில் பறை ஓட்டையாகியிருக்கிறது, முதலில் காய வைக்க வேண்டும், பெரியவளானதும் அடைக்கலாம். நரம்பு நன்றாக இருக்கிறது.

“தாம கால தியெனவத?” என்று புஷ்பராணி கேட்டார். இன்னும் நேரம் இருக்கிறதா என்று அர்த்தம். டாக்டர், இருக்கிறது என்றார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதமும் கொடுத்தார், பிள்ளையை முன்வரிசையில் உட்காரவைக்கும்படி. புஷ்பராணி அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தார். வெளியே வந்து, வாசல் மரத்தடியில் மகளின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் வாயைப் பார்க்கும்படி முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். நான் தள்ளி நின்றேன். அது அவர்கள் இரண்டு பேருக்கானது.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். தோட்டத்துக்குள் போக அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். நாங்கள் பிரதேச சுகாதார அலுவலகத்திலும் முதலில் சொல்லிவிட்டுத்தான் போனோம். தனியாகப் போய்ப் பாடம் நடத்த நினைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு இனிப்பு கொண்டுபோக வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். கூட்டத்தை மூன்று மணிக்குப் பிறகு வையுங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். நாங்கள் செய்த தவறையும் சொல்கிறேன். சோதனையை எல்லார் முன்னிலையிலும் நடத்தாதீர்கள். ஒவ்வொரு தாயையும் பிள்ளையையும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டுச் செய்யுங்கள். குசுகுசுப்புச் சோதனை வைத்தியம் அல்ல, சந்தேகத்தை எழுப்புவதற்கு மட்டும்தான். சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை இருந்தால், திட்டுவதற்கு முன்னால் ஒருமுறை பின்னால் நின்று பழத்தின் பெயர் சொல்லிப் பாருங்கள்.

ஊர் பார்க்கப் போகிறவர்கள் எதையாவது கொண்டுவருவார்கள். நான் கொண்டுவந்தது ஒரு கேள்விக்கான பதிலை. அம்மாவை நான் வெறுக்கவில்லை என்பதை ஒரு இறப்பர் மலையில், முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்ன பிறகுதான் எனக்கே நிச்சயமாகத் தெரிந்தது.

சத்திர சிகிச்சை நவம்பரில் நடந்தது. ஒரு காது தெளிந்துவிட்டது. மற்றதற்கு மாதம் ஒருமுறை போகிறார்கள். சஞ்சனா இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள் என்றும், பக்கத்து லயக் குடியிருப்புகளில் இப்போது பழப் பெயர் சொல்லிப் பார்ப்பது புஷ்பராணிதான் என்றும் பஸ்லியா சொன்னாள். போன வாரம் நானே புஷ்பராணிக்குப் போன் எடுத்தேன். அவர் மழை, பால், பள்ளிக்கூடம் எல்லாம் சொல்லிவிட்டுப் போனை மகளிடம் கொடுத்தார். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு சின்னக் குரல் முறைப்பாடு சொன்னது.

“ஆன்ட்டி, அம்மா ரொம்ப சத்தமா பேசுறாங்க. மெதுவா பேசச் சொல்லுங்க.”